பர்ஸை இன்றே கோபன் போலீஸ் சாவடியில் கொடுத்துவிடுங்கள், தம்பி

ஜப்பானில், தோக்கியோவின் நிஷிகசாய் பகுதிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். நேற்று மாலை பூங்காவுக்கு வெளியே நடைபாதையில் கிடந்த பர்ஸை எடுத்திருக்கிறீர்கள். உள்ளே 23 ஆயிரம் யென்னும் சில கார்டுகளும். "போலீசுக்குப் போனால் நம்மையே சந்தேகப்படுவார்கள், எடுத்த இடத்திலேயே போட்டுவிடு" என்கிறார் அறைத் தோழர். என்ன செய்வது, நம் பொருள் தொலைந்தால் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோழர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஊரில் ஸ்டேஷன் படி ஏறவே தயங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே அந்தப் பர்ஸ் உங்கள் வீட்டில் இருப்பதுதான் ஆபத்து. தெருவில் எடுத்ததை ஏழு நாளுக்குள் ஒப்படைத்தால்தான் எடுத்தவருக்கு உரிமை உண்டு. ரயிலிலோ கடையிலோ எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள ஊழியரிடமே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொள்வது குற்றவியல் சட்டம் 254-ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம். குப்பை போடும் இடத்தில் சும்மா கிடந்த சைக்கிளை எடுத்து ஓட்டி, பதிவு எண் சோதனையில் மாட்டிக்கொண்ட நம் பையன்களும் உண்டு. அதையும் மனதில் வையுங்கள்.

கோபன் என்பது தெருமுனையில் இருக்கும் சின்னப் போலீஸ் சாவடி. வழி கேட்கப் பாட்டிகள் வந்து போகும் இடம். "ஒட்டோஷிமோனோ ஹிரோய்மாஷித்தா", அதாவது "கீழே கிடந்த பொருளை எடுத்தேன்" என்று சொன்னால் போதும். ஆள் ரோந்து போயிருந்தால் மேசைமேல் போன் இருக்கும், எடுத்தால் ஸ்டேஷனில் பேசுவார்கள்.

நான் முதன்முதலில் ஒரு பர்ஸைக் கொண்டுபோனபோது அங்கிருந்த இளம் அதிகாரி அதை என் கண் முன்னாலேயே திறந்தார். நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து வாய்விட்டு எண்ணினார். பிறகு சில்லறை, ஒரு யென் காசு வரைக்கும். கார்டுகளின் பெயரைப் படித்து எழுதிக்கொண்டார். எங்கே எடுத்தேன் என்று வரைபடத்தில் விரலால் காட்டச் சொன்னார். எல்லாம் எழுதி முடித்து, தொகை சரிதானா என்று என்னைப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கி ரசீது கொடுத்தார். மொத்தம் அரை மணி நேரம். கிளம்பும்போது எழுந்து நின்று குனிந்து வணக்கம் சொன்னார்.

அங்கே இரண்டு விஷயம் கேட்பார்கள், யோசித்துவிட்டுப் போங்கள். உரிமை வேண்டுமா? உங்கள் பெயரை உரியவரிடம் சொல்லலாமா? உரிமை வேண்டும் என்றால், உரியவர் வந்து வாங்கும்போது மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கலாம். மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பணம் உங்களுக்கு. அடுத்த இரண்டு மாதத்துக்குள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். 2007 டிசம்பருக்கு முன்னால் இந்த மூன்று மாதம் ஆறு மாதமாக இருந்தது. கார்டு, போன் போன்ற சொந்த விவரம் உள்ளவை எத்தனை நாள் ஆனாலும் எடுத்தவருக்குச் சேராது. எதுவும் வேண்டாம் என்றால் "கென்ரி ஹோகி" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் உரிமை கேட்பதிலும் தப்பில்லை, சட்டம் கொடுத்ததுதானே.

சரி, நம் பொருள் தொலைந்தால்? தோக்கியோ போலீசிடம் வந்து சேரும் பொருள்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம். ரயிலில் விட்டது முதலில் அந்த ரயில் நிறுவனத்திடம் இருக்கும், சில நாளில் போலீசுக்குப் போகும். அதனால் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். நம் தோசாய் மெட்ரோ லைனிலேயே நேராகப் போனால் ஈதபாஷி நிலையம்; மெட்ரோவில் தொலைந்த பொருள்களை எல்லாம் சேர்த்து வைக்கும் இடமும் போலீசின் தொலைந்த பொருள் மையமும் அங்கேதான்.

அடையாளம் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய எவர்சில்வர் அடுக்கு டிபன் கேரியரை ஒருமுறை ரயிலின் மேல்தட்டில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். தொலைந்த பொருள் கவுண்டரில் போய்க் கேட்டபோது பாத்திரத்தின் பெயர் ஜப்பானியத்தில் எனக்கு வரவில்லை. காகிதம் கேட்டு வாங்கி, மூன்று அடுக்கு, பக்கத்துக் கொக்கி, கைப்பிடி எல்லாம் வரைந்தேன். அடித்தட்டில் பாத்திரக் கடைக்காரர் வெட்டிக் கொடுத்த "ம.செ." என்ற எழுத்துகளையும் தமிழிலேயே எழுதினேன். கவுண்டரில் இருந்த அம்மையார் உள்ளே போய் கேரியரைத் தலைகீழாகப் பிடித்தபடி வந்தார். என் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, புள்ளிகளைக்கூட ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு "இதுதான்" என்று சிரித்தார். சாப்பாட்டைக் கொட்டிவிட்டார்கள், பாத்திரம் கழுவித் துடைத்திருந்தது. அதனால் பை, லேப்டாப், சாவிக்கொத்து எல்லாவற்றிலும் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளம் இருக்கட்டும்.

ரெசிடென்ஸ் கார்டு தொலைந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே கோபனில் புகார் எழுதி, அந்தப் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு 14 நாளுக்குள் ஷினகாவா குடிவரவு அலுவலகத்தில் மறு கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரயில், பஸ்ஸுக்கான பாஸ்மோ கார்டைப் பெயர் பதிந்து வாங்குங்கள். தொலைந்தாலும் நிறுத்திவிட்டு மீதித் தொகையோடு புதியது எடுக்கலாம். பெயரில்லாத கார்டுக்கு அது கிடையாது.

இப்போது அந்தப் பர்ஸைப் பையில் போடுங்கள். உள்ளே எதையும் இனிக் கலைக்க வேண்டாம். உங்கள் ரெசிடென்ஸ் கார்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். பேச்சு வராது என்று பயமாக இருந்தால் சொல்லுங்கள், ஆறு மணிக்கு மேல் நானும் கூட வருகிறேன்.