ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் எதற்கெடுத்தாலும் கைநீட்டுகிறான். வீட்டில் நாங்கள் அப்படி இல்லை. பள்ளிச் சூழல் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். நான் இரண்டு பள்ளிகளில் படித்தவன், இரண்டிலும் நான் வேறு வேறு ஆளாக இருந்தேன்.

பத்தாவது வரை ஆண்கள் பள்ளி. சண்டை என்று யார் போய் நின்றாலும் இரண்டு பேருக்கும் பிரம்படி விழும், அப்புறம் வராந்தாவில் முட்டி போட வேண்டும். யார் ஆரம்பித்தது, எதற்கு என்ற கேள்வியே கிடையாது. எட்டாம் வகுப்பில் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் என் சாப்பாட்டு டப்பாவில் மண்ணைப் போட்டுக்கொண்டே இருந்தான். சாரிடம் சொன்னேன். எனக்கும் அடி விழுந்தது. கூடவே 'போட்டுக்கொடுக்கிறவன்' என்ற பெயர். அதன்பின் நான் எந்த ஆசிரியரிடமும் எதையும் சொல்லவில்லை. "ஸ்கூல் விட்டதும் வெளிய வாடா" என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி. சைக்கிள் கடைச் சந்தில் அவன் பல்லை உடைத்தபோது எனக்கு வயது 13. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி. அங்கேயும் சண்டை வந்தது. ரெக்கார்டு நோட்டைக் கிழித்துவிட்டான் என்று ஒருவன் சட்டையைப் பிடித்தேன். வேதியியல் டீச்சர் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், பிறகு அவனை. அதன் பிறகே இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார். வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று மறுபடி கேட்டார். அந்த இரண்டாவது விசாரிப்பை நான் மறக்கவே இல்லை.

என் தங்கை படித்த பெண்கள் பள்ளியில் அடிதடி கிடையாது. பேசாமல் ஒதுக்கிவைப்பார்கள். அதையும் யாரும் கவனித்ததில்லை.

புகார் சொன்ன பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதை மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். விஷயம் தெரிந்து பள்ளியில் புகார் பதிவானது. அன்று இரவே வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது, அகரவரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. தேவையானவைதான். ஆனால் கயிற்றை அறுத்துவிட்டால் மட்டும், புகார் கொடுத்த பிள்ளை அன்று மாலை பயமில்லாமல் வீடு போய்ச் சேர்ந்துவிடுமா? அதை யாராவது ஒரு பெரியவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, உங்கள் மகன் விஷயம். "ஏன்டா அடிச்சே?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் வகுப்பில் கடைசியாக சாரிடம் புகார் சொன்ன பையனுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். அவன் சொல்வதை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் போங்கள். அங்கே காதுகொடுக்கவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம். அந்த எண்ணை அவனுக்கும் சொல்லிவையுங்கள்.