சிசிஎன்ஏ முடித்தால் வேலை கிடைக்குமா? சிசிஎன்பியும் சேர்த்தே படித்துவிடலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். நெட்வொர்க்கிங்கில் ஆர்வம். ஒரு பயிற்சி நிலையத்தில் சிசிஎன்ஏ, சிசிஎன்பி இரண்டுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் அம்மா. கட்டலாமா?

பதில்:

நகையை அடகு வைக்க வேண்டாம். நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் நுழைவுநிலைச் சான்றிதழான சிசிஎன்ஏ மட்டும் இப்போதைக்குப் படியுங்கள். அதற்கு அடுத்த நிலையான சிசிஎன்பியை வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் உட்காருபவர்களில் நானும் ஒருவன். இரண்டு சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு, அனுபவம் இல்லாமல், கடனோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் சிசிஎன்ஏவால் என்ன பயன் என்று பார்ப்போம். பெரிய கல்லூரியின் பெயர் இல்லாதவருக்கு அது நேர்காணல் வரை வழி திறந்துவிடும். ரெஸ்யூம் குவியலைப் பார்க்கும் எச்ஆருக்கு உங்கள் திறமையை அளக்க வேறு வழி கிடையாது. சிசிஎன்ஏ என்ற சொல் இருந்தால் எடுத்துத் தனியே வைப்பார். சிஸ்கோ 1998இல் கொண்டுவந்த சான்றிதழ் அது. இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த நுழைவுச் சான்றிதழ் அதுதான். இது சிறிய விஷயம் இல்லை. ஊரிலிருந்து வந்து, சிபாரிசு செய்ய ஆள் இல்லாமல் நிற்பவருக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

நிறுவனங்கள் சான்றிதழை மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சி நிலையங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். நெட்வொர்க் கருவிகளை விற்று, நிறுவித் தரும் நிறுவனங்கள் சிஸ்கோ போன்ற கம்பெனிகளிடம் பார்ட்னர் தகுதி வாங்க வேண்டுமானால், குறிப்பிட்ட சான்றிதழ் பெற்ற பொறியாளர்கள் அவர்களிடம் வேலை பார்க்க வேண்டும். பெரிய டெண்டர்களிலும் சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது வழக்கம். ஆகவே சிசிஎன்பி, அதற்கும் மேல்நிலையான சிசிஐஇ வைத்திருக்கும் அனுபவசாலிக்கு அங்கே நல்ல மரியாதை. இதில் அனுபவசாலி என்ற சொல்லைக் கவனியுங்கள். துபாய், கத்தார் வேலைகளுக்கும் இதே கதைதான்: சிசிஎன்பி கேட்பார்கள், கூடவே சில வருட அனுபவமும் கேட்பார்கள்.

நேர்காணலுக்குள் வந்த பிறகு சான்றிதழின் வேலை முடிந்தது. அங்கே நான் கேட்பது இப்படி இருக்கும். ஒரே சுவிட்சில் இரண்டு கம்ப்யூட்டர்; ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலான்களில் ஒன்று விலான் 10, இன்னொன்று விலான் 20. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிங் (தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை, ஏன்? கம்ப்யூட்டருக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருக்கிறது. எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? /26 அளவுள்ள சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பகுதியில்) எத்தனை கம்ப்யூட்டருக்கு முகவரி தரலாம்? எல்லாம் சிசிஎன்ஏ பாடத்தில் உள்ளவைதான். லேப் போட்டுப் பழகியவர், "முதலில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் வரைக்கும் கோரிக்கை போகிறதா என்று பார்ப்பேன், அடுத்து அந்த போர்ட் சரியான விலானில் இருக்கிறதா என்று பார்ப்பேன்" என்று சொல்லிக்கொண்டே போவார். விடையில் ஒரு இடம் தவறினாலும் அவரை எடுத்துக்கொள்ள மனம் வரும். டம்ப்ஸ், அதாவது வெளியான தேர்வுக் கேள்விகளை, படித்துப் பாஸ் ஆனவர் /26 கேள்விக்கு 62 என்று சட்டென்று சொல்வார். அதே கேள்வியை /27 என்று மாற்றினால் நின்றுவிடுவார்.

இந்த டம்ப்ஸ் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. சில இடங்களில் "பாஸ் கியாரண்டி" என்று சொல்லி, திருட்டுத்தனமாக வெளியான கேள்விகளைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கண்டுபிடித்தால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யும், மறுபடி எழுதத் தடையும் போடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சிசிஎன்பியை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன்? ரெஸ்யூமில் அது இருந்தால் கேள்வியும் அந்த உயரத்துக்குப் போய்விடும். இரண்டு ரவுட்டருக்கு நடுவே பாதைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் உறவு, முழுமை அடையாமல் எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, எதைச் சந்தேகிப்பீர்கள் என்பார்கள். எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) இரு பக்கமும் பொருந்தாததைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது, ஒரு ராத்திரி அதோடு மல்லுக்கட்டியவருக்கு மறக்கவே மறக்காது. படிப்பில் மட்டும் பார்த்தவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. எப்படியும் புதிதாக வருபவரிடம் நெட்வொர்க்கின் மையமான கோர் ரவுட்டரைக் கொடுக்க மாட்டார்கள். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையமான நாக்கில் (NOC) எல்1 எனும் முதல்நிலை வேலை, ஷிப்ட் முறை, அலாரம் பார்ப்பது, டிக்கெட் போடுவது, இணைய சேவை தருபவரிடம் போனில் பேசுவது, அங்கிருந்துதான் தொடங்கும். அதற்கு சிசிஎன்ஏ தாராளம்.

காலக்கணக்கும் இருக்கிறது. இந்தச் சான்றிதழ்கள் மூன்று வருடம்தான் செல்லும். சிசிஎன்ஏ வாங்கி வேலையில் சேர்ந்து, காலாவதி ஆவதற்கு முன் 350-401 என்ற சிசிஎன்பி கோர் தேர்வை எழுதிப் பாஸ் செய்தால் சிசிஎன்ஏவும் தானாகப் புதுப்பிக்கப்படும். அதற்குள் கையில் அனுபவம் இருக்கும். தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்களும் உண்டு. இப்போதே இரண்டையும் வாங்கினால் அந்த மூன்று வருடத்தில் பாதி வேலை தேடுவதிலேயே கரையலாம்.

"எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே" என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் விபிசி எனும் தனி நெட்வொர்க் அமைக்கும்போதும் சப்நெட்டும் ரவுட்டிங் டேபிளும்தான். கூடவே பைத்தான் கொஞ்சம் பழகுங்கள். சிசிஎன்ஏ பாடத்திட்டத்திலேயே பத்து சதவீதம் ஆட்டோமேஷனுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

இனி பணம். சிசிஎன்ஏவுக்கான 200-301 தேர்வின் கட்டணம் 300 டாலர், வரி தனி. ரூபாயில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டும். பயிற்சி நிலையம் சொல்லும் தொகைக்குள் இது சேருமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேராது. கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் பேக்கெட் டிரேசர் மென்பொருளை சிஸ்கோவே இலவசமாகத் தருகிறது. சாதாரண லேப்டாப்பில் ஓடும். முதல் ஒரு மாதம் வீட்டிலேயே அதில் விலான், டிரங்க், ஸ்டாட்டிக் ரவுட், ஓஎஸ்பிஎஃப் என்று போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு கேபிளைப் பிடுங்கி, எது எங்கே செத்தது என்று தேடுங்கள். அது பிடித்திருந்தால் மேலே போகலாம். சலிப்பாக இருந்தால் அறுபதாயிரம் மிச்சம்.

தானாகப் படிக்க முடியாது, சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால் அதே நிலையத்தில் சிசிஎன்ஏவுக்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். நிஜ ரவுட்டர், சுவிட்ச் இருக்கும் ரேக்கைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் கைக்கு வரும் என்றும் கேளுங்கள். இரண்டும் சேர்த்துத்தான் தருவோம், இன்றே கட்டினால்தான் சலுகை என்றால், வேறு இடம் பாருங்கள்.