23 ஆட்டங்களும் ஒரு சிவப்புப் பட்டையும்

அன்புள்ள ஐயா,

லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஐந்து ஆண்டுகளாக ஐந்து நிமிட பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டம் ஆடி வருகிறேன். ஏறத்தாழ 2,000 ஆட்டங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பதிவிறக்கி, என் பலத்தையும் பலவீனத்தையும் காட்டும் இணையக் கருவி ஒன்றைச் சில வாரங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறரும் தம் பயனர்பெயரைக் கொடுத்துப் பார்க்கும்படி அதைத் திறந்துவிட எண்ணம். முதல் இரண்டு நகர்வுகளை வைத்துத் தொடக்கங்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் வெற்றி சதவீதத்தையும் வண்ணப் பட்டைகளாகக் காட்டுகிறேன். இந்த ஆண்டு புதிதாகக் கற்ற, கறுப்புக் காய்களோடு ஆடும் தொடக்கமான பிரெஞ்சுத் தடுப்பில் 23 ஆட்டங்கள். 8 வெற்றி, 3 டிரா, 12 தோல்வி. 41 சதவீதம் என்று கருவி சிவப்பில் காட்டுகிறது. பிரெஞ்சைக் கைவிட்டுவிடலாமா? லிச்செஸிலேயே நம் ஆட்டங்களை அலசிக் காட்டும் இன்சைட்ஸ் என்ற பகுதி இருக்கும்போது என் உழைப்பு வீண்தானோ என்ற ஐயமும் இருக்கிறது. ஆட்டங்கள் அடங்கிய கோப்பு ஒன்றை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோப்பை இரண்டு மாலைகள் வைத்துப் பார்த்தேன். பிரெஞ்சைக் கைவிட வேண்டாம். குறைந்தபட்சம், இந்தச் சிவப்புப் பட்டையைக் காரணமாகக் கொண்டு கைவிட வேண்டாம்.

டிராவுக்கு அரைப் புள்ளி என்று கொண்டால் நீங்கள் எடுத்தது 23-க்கு 9.5. ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவு எவ்வளவு ஊசலாடுகிறது என்பதைக் கணக்கில் எடுத்து வழக்கமான பிழை எல்லையைப் போட்டுப் பார்த்தால், இந்த 41-ஐச் சுற்றி இருபுறமும் ஏறத்தாழ 19 சதவீதப் புள்ளிகள் விட வேண்டியிருக்கிறது. அதாவது இத்தொடக்கத்தில் உங்கள் உண்மையான தகுதி 22 சதவீதமாகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். அந்த எல்லையை ஐந்து புள்ளிகளுக்குள் சுருக்க 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் தேவை. ஆகவே ஒவ்வொரு பட்டையோடும் இந்த அகலத்தையும் வரையுங்கள். அகலம் மிகுந்த இடத்தில் வண்ணமே தீட்டாமல் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள். பார்ப்பவரின் மனம் முதலில் பற்றிக்கொள்வது வண்ணத்தைத்தான் என்பதால், கருவி எழுதுபவரின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

இதைவிட முக்கியமானது, யாரோடு ஆடி அந்த 9.5 கிடைத்தது என்ற கேள்வி. 23-இல் 15 ஆட்டங்கள், ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த எதிராளியோடு சேர்த்துவிடும் அரீனா போட்டிகளில் ஆடப்பட்டவை. அங்கே அந்தப் போட்டியில் இருவரும் அப்போது இருக்கும் இடத்தைப் பார்த்து இணை சேர்ப்பதால், நன்றாக ஆடும் நாளில் உங்களைவிட வலுவானவர்களே எதிரில் வந்து அமர்வார்கள். உங்கள் எதிராளிகளின் ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், சராசரியாக உங்களுடையதைவிட 60 புள்ளிகள் கூடுதல். அர்பாத் ஈலோ வகுத்து, 1970-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட ரேட்டிங் முறையின்படி, 60 புள்ளிகள் குறைந்தவரிடம் எதிர்பார்க்க வேண்டியது 41 சதவீதம். 23 ஆட்டங்களுக்கு அது 9.5. நீங்கள் எடுத்ததும் அதுவே! லிச்செஸ் பின்பற்றுவது மார்க் கிளிக்மன் வகுத்த கிளிக்கோ-2 முறை என்றாலும் இந்த மதிப்பீட்டுக்கு ஈலோவின் சூத்திரம் போதும். சராசரியை வைத்து நான் போட்டதுபோல் போடாமல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியே எதிர்பார்ப்பைக் கணித்துக் கூட்டுங்கள். பெற்ற புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டையே பட்டையாக வரையுங்கள். பின்னர் செஸ்.காம் ஆட்டங்களையும் சேர்க்க விரும்பினால், இரு தளங்களின் ரேட்டிங்கையும் ஒரே அளவுகோலில் வைத்துவிடாதீர்கள். ஆடுபவர் கூட்டமே வேறு என்பதால் எண்களும் வேறு பொருள் கொண்டவை.

தொடக்கத்தை முதல் இரண்டு நகர்வுகளால் அடையாளம் காண்பதையும் மாற்ற வேண்டும். வெள்ளை முதலில் ராணிச் சிப்பாயை நகர்த்தி, அடுத்து ராஜாச் சிப்பாயைத் தள்ளினாலும் அதே பிரெஞ்சு நிலைக்கே வந்து சேரலாம். நகர்வுகளின் வரிசையை விட்டுவிட்டு, பலகையின் நிலையைத் திறவுகோலாகக் கொள்ளுங்கள். நிலையை ஒரே வரியில் எழுதும் ஃபென் குறியீட்டின் ஆறு பகுதிகளில் கடைசி இரண்டும் நகர்வுகளை எண்ணுபவை மட்டுமே. அவற்றை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் ஒரே நிலை ஒரே நிலையாகத் தெரியும்.

தோல்விகளுக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கோப்பில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தவை அவைதாம். 12 தோல்விகளையும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க இயந்திரத்தில், அதாவது நிலைகளை மதிப்பிடும் நிரலில், ஓட்டினேன். எத்தனை சிப்பாய் அளவுக்கு முன்னிலை என்று அது தரும் மதிப்பை அப்படியே கூட்டிச் சராசரி எடுப்பது பலரும் செய்யும் பிழை. நானும் என் முதல் கருவியில் அதைச் செய்து, மாதக்கணக்கில் தவறான பாடங்களைப் படித்தேன். ஒன்பது சிப்பாய் முன்னிலை ஆறாகக் குறைவதும், சமநிலை மூன்று சிப்பாய் பின்னடைவாக மாறுவதும் கூட்டலில் ஒன்றே. ஆனால் மதிப்பை வெல்லும் வாய்ப்பாக மாற்ற லிச்செஸ் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டால், முன்னது 96-இலிருந்து 90 சதவீதத்துக்கு இறங்குகிறது, பின்னது 50-இலிருந்து 25-க்கு விழுகிறது. ஆட்டத்தை இழப்பது இரண்டாவது வகைப் பிழையால்தான். அப்படிக் கணக்கிட்டபோது, 12-இல் 7 ஆட்டங்களில் 20ஆவது நகர்வு முடியும்போது நிலை ஏறத்தாழச் சமம். கடிகாரப் பதிவையும் சேர்த்துப் பதிவிறக்கியிருந்தீர்கள், நல்ல வேளை. அந்த ஏழிலும் பெரிய பிழை நேர்ந்த நகர்வில் உங்கள் கையில் 30 வினாடிகூட இல்லை. பிரெஞ்சுத் தடுப்பு உங்களை ஏமாற்றவில்லை. புதிய தொடக்கம் என்பதால் முதல் பத்து நகர்வுகளில் யோசித்துச் செலவழித்த நேரம் பின்னால் இல்லாமல் போயிற்று.

இன்சைட்ஸ் நல்ல பகுதி. அதில் பலவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். ஆயினும் நீங்கள் ஆடும் முறையை அறிந்து நீங்களே எழுப்பும் கேள்விக்கு உங்கள் நிரல்தான் விடை தேட முடியும். அதனால் உழைப்பு வீண் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள்.

பிறருக்குத் திறப்பதற்கு முன் இரண்டு வேண்டுகோள்கள். பயனர்களின் ஆட்டங்களை உங்கள் சர்வரில் சேமிக்காமல், கணக்கு முழுவதையும் அவர்களுடைய பிரவுசரிலேயே நடத்துங்கள். ஒவ்வொரு கோப்பிலும், உங்களிடம் எதுவும் கேட்டுக்கொள்ளாத எதிராளிகளின் பெயர்களும் இருக்கின்றன. லிச்செஸ் ஓர் அறக்கட்டளையைப் போல நன்கொடையில் நடக்கும் தளம் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை மட்டும் அனுப்பி, கடைசியாகப் பெற்ற ஆட்டத்துக்குப் பிந்தியவற்றையே கேளுங்கள். அளவு மீறியதாக மறுமொழி வந்தால் ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும். இயந்திர ஆய்வை எல்லா ஆட்டங்களுக்கும் நடத்தாதீர்கள்: 2,000 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 80 நிலைகள், நிலைக்கு அரை வினாடி என்றாலே 22 மணி நேரம் ஆகிவிடும். தோற்றவற்றிலிருந்து தொடங்கினால் போதும்.

உங்கள் ஏழு ஆட்டங்களையும் தனிக் கோப்பாக்கி, ஒவ்வொரு நகர்விலும் மீதமிருந்த நேரத்தைக் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்காவது ஆட்டத்தின் 11ஆவது நகர்வை முதலில் பாருங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் 52 வினாடி எடுத்திருக்கிறீர்கள்.

அன்புடன்.