குளிர்காலத்தில் வாசனை மெழுகுவத்தி இல்லாமல், அடுப்பில் எதையாவது கொதிக்க வைத்து வீட்டை மணக்க வைக்க முடியுமா? சமையல் வாடையும் போகுமா?

ஜன்னலைத் திறக்க முடியாத குளிரில், வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். மெழுகுவத்தி வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் கடைசியில் "சமையல் வாடையும் போகுமா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். போகாது. இதை நான் ஒரு பாத்திரத்தைப் பலி கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை அளக்கிறேன் என்பீர்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு ஆரஞ்சின் தோல் (பழத்தைத் தின்றுவிடுங்கள்), விரல் நீளப் பட்டை இரண்டு, ஐந்தாறு கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, தட்டிய இஞ்சி ஒரு துண்டு. கொதி வந்ததும் அடுப்பை ஆகக் குறைந்த சூட்டுக்குக் கொண்டுவந்து, மூடாமல் விட வேண்டும். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் குமிழ் வந்தால் போதும். அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி சூடேறும்வரை வாசனை படுத்துவிடும்.

ஆரஞ்சுத் தோலை மடித்தால் கண்ணில் தெறிக்குமே ஒரு எண்ணெய், அதில் பெரும்பங்கு லிமோனீன். அது ஆவியோடு ஒட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடும். கிராம்பில் இருக்கிற யூஜெனால் அப்படியில்லை, நிதானமாக வந்து நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் முதலில் ஆரஞ்சு மிட்டாய்போல மணக்கிற வீடு, இரண்டு மணி நேரத்தில் பல் டாக்டர் கிளினிக்போல ஆகிவிடுகிறது. பல் வைத்தியத்தில் பயன்படுவதும் அதே யூஜெனால்தான். கிராம்பைக் கைநிறையப் போடாதீர்கள். தோலில் பாதியை எடுத்து வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். படங்களில் சிவப்பாக மிதக்கிற கிரான்பெர்ரி வெறும் அழகுக்கு. அதற்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி வாசனை கிடையாது. ஒரு பாக்கெட் முழுக்கக் கொட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இனி என் கதை. டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் ஒரு பேஸ்மெண்டில், அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தில், குடியிருந்தோம். சொந்த ஊர் திண்டுக்கல். ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு நைட் ஷிப்ட். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் பதினைந்து. ஊரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாடு பிரீசரில் இருந்தது. ஒரு சனிக்கிழமை கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவவில்லை, மாடியிலிருந்து வீட்டுக்காரர் மெசேஜ்: "இன்று ஏதோ ஸ்பெஷல் போல!" பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். அதற்குக் கீழே, மறுநாள் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி ஒரு வரி. யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, நம் ஆள்தான். அவருக்குக் கருவாடு என்றால் என்னவென்று தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

குற்றம் கருவாட்டின் மேல் மட்டும் இல்லை, வீட்டின் மேலும் இருக்கிறது. அடுப்புக்கு மேலே இருந்த ஹூட் புகையை வெளியே தள்ளுகிற ரகம் இல்லை. ஒரு வலை வழியாக இழுத்து, நம் முகத்திலேயே திருப்பி ஊதுகிற ரகம். அதோடு மாடிக்கும் பேஸ்மெண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபர்னஸ். எங்கள் காற்றை இழுத்துச் சூடாக்கிக் குழாய் வழியாக அவர்கள் ஹாலில் விடும். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு வெட்கம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அந்த வெட்கத்தின்மேல்தான் கோபம்.

சாம்பிராணி போடலாம் என்றால், அதற்கு முந்தின தை வெள்ளியில் போட்டு ஸ்மோக் அலாரம் அலறி, மாடியில் தூங்கிய குழந்தை எழுந்து பெரிய ரகளை. (கரி மூட்டிப் போடும் சாம்பிராணியைப் பூட்டிய வீட்டுக்குள் யாரும் முயல வேண்டாம். கரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.) வேலையிடத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரச் சிநேகிதி, "போப்பூரி செய்யேன்" என்றாள். எனக்கு அது ஏதோ பூரி வகையாகக் கேட்டது. பிறகு பார்த்தால் இந்த மணக்கும் கலவைக்கான பிரெஞ்சுச் சொல். நேர் அர்த்தம் "அழுகிய பானை". அவர்கள் ஊரில் அழுகிய பானை மணக்க ஆரம்பித்துவிட்டது, நம் ஊரில் ஒரு காலத்தில் நறுமணத்தைச் சொன்ன "நாற்றம்" இப்போது மூக்கைப் பிடிக்க வைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடித்து வந்ததும், அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு அடுப்பில் வைத்தேன். அம்மாவின் பெயரும் 1987 என்று வருஷமும் புள்ளி புள்ளியாக வெட்டிய பாத்திரம். பத்து நிமிடம் சோபாவில் சாயலாம் என்று சாய்ந்தேன். இரவெல்லாம் நின்ற கால். கனவில் யாரோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறார்கள். நல்ல வாசனைதான், ஆனால் பாகு முற்றிக்கொண்டே போகிறது, யாரும் இறக்கவில்லை. அப்புறம் கசந்தது. எழுந்து ஓடுவதற்குள் அலாரம்.

தண்ணீர் மொத்தமும் வற்றி, ஆரஞ்சுத் தோல் கரியாக, பட்டை புகைந்துகொண்டிருந்தது. அன்னாசிப்பூ மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு வரவேயில்லை. கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தால் அந்த இடத்தில் எட்டு இதழில் ஒரு கறுப்புத் தடம். புளி, சாம்பல், பேக்கிங் சோடா எதற்கும் மசியவில்லை. கருவாட்டு வாடையாவது ஒரு நாளில் போயிருக்கும். தீய்ந்த வாடை ஒரு வாரம் திரைச்சீலையில் இருந்தது. மாடியிலிருந்து அன்றைக்கு மெசேஜ் வரவில்லை, ஆளே நேரில் இறங்கி வந்தார்.

வந்தவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. எங்கள் வீட்டுச் சூட்டைத் தீர்மானிக்கும் தெர்மோஸ்டாட் மாடியில், அதுவும் அவர் போனுக்குள். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது டொராண்டோ நகர விதி. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் குடும்பத்தோடு வெயில் தேடிப் போனபோது நாங்கள் பதினேழு டிகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினோம். போன் செய்தால், "உங்களுக்குச் சமைக்கிற சூடு இருக்குமே" என்றார். கருவாடு வாடை குழாய் வழியாக மேலே போகிற வேகத்தில் சூடு கீழே வந்ததில்லை. நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அதற்கப்புறம் ஏன் இதை விடவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு காரணம். யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் வந்தவர் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, நல்ல கறுவாவைச் சும்மா தண்ணியில அவிய விடுறீர்?" என்றார். நான் போட்டிருந்தது அவர் இலங்கையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அசல் கறுவாப் பட்டை. மெல்லிய சுருள் சுருளாக, கையால் நொறுக்கலாம். அதைச் சோற்றுக்கும் கறிக்கும் வைத்துக்கொண்டு, இதற்குக் கடையில் கிடைக்கிற தடித்த பட்டையைப் போடச் சொன்னார். அது காசியா என்கிற இன்னொரு மரத்தின் பட்டை. காரமும் வாசனையும் தூக்கலாக இருப்பதால் பானைக்கு அதுதான் நன்றாகவும் இருக்கிறது.

இன்னொரு காரணம் காற்று. மைனஸ் பதினைந்துக் காற்று உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் அதில் ஈரப்பதம் பத்து சதவீதம்கூடத் தேறாது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷாக், காலையில் மூக்குக்குள் ரத்தப் பொருக்கு. பானையில் ஒரு லிட்டர் வற்றினால் அந்த ஒரு லிட்டரும் வீட்டுக் காற்றில்தான் இருக்கிறது. அளவு மீறினால் ஜன்னல் கண்ணாடியில் வேர்த்து, சட்டத்தில் பூஞ்சை கறுக்கும். அதையும் அனுபவித்தாயிற்று. கண்ணாடி வேர்த்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறவர்களுக்கு. இது காற்றைச் சுத்தப்படுத்தும், கிருமியைக் கொல்லும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை எனக்கு அனுப்பவும் வேண்டாம். "கெமிக்கல் இல்லாதது" என்றும் சொல்ல மாட்டேன், லிமோனீன் கெமிக்கல் இல்லாமல் வேறென்ன? வீசிங் இருப்பவர்களுக்குப் பட்டை வாசனையே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் இருந்தால் நான்ஸ்டிக் பாத்திரத்தில் வைக்கவே வேண்டாம். என்னைப்போல் வற்ற விட்டுவிட்டால் அந்தப் பூச்சிலிருந்து கிளம்பும் புகையில் பறவை செத்துவிடும். பூனை இருக்கிற வீட்டில் வாசனை எண்ணெய்ச் சொட்டுகள் விடாதீர்கள். சாப்பிடுகிற பொருளை வீணடிக்கிறாய் என்பவர்களுக்கு: பழத்தைத் தின்றாயிற்று, தோல் குப்பைக்குப் போக இருந்தது.

வாடைக்கு மருந்து வேறு. குழம்பு கொதிக்கும்போதே ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறங்கள், உறைந்து போய்விட மாட்டீர்கள். அடுப்பைச் சுற்றித் தெறித்த எண்ணெயை அன்றிரவே சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். வாடை தங்குவது அந்தப் பிசுக்கில்தான். அதன்மேல் ஆரஞ்சையும் பட்டையையும் கொதிக்க வைத்தால் கருவாடு போகாது, ஆரஞ்சு கருவாடு கிடைக்கும். நான் இப்போதெல்லாம் மறுநாள் காலையில்தான் பானையை வைக்கிறேன், போனில் இருபத்தைந்து நிமிட அலாரத்தோடு. அந்த வீட்டை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே ஹூட் வெளியே ஊதுகிறது.

பாத்திரம் அதேதான். அம்மா போன வாரம் வீடியோ காலில் அடுப்பைக் காட்டச் சொன்னாள். பெயர் வெட்டிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், உள்ளே காட்டவில்லை.