27-ம் 18-ம் சேர்ந்தால் 45 கிலோதான். ஆனாலும் கவுண்ட்டரில் பணம் கேட்பார்கள்

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காகச் சிகாகோ போகிறாள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக டிக்கெட். அதில் பேகேஜ் என்ற இடத்தில் '2 பி.சி.' என்று இருக்கிறது. பெட்டிக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்று ஏஜென்ட் சொன்னார். கட்டி வைத்திருக்கும் பெட்டிகளில் ஒன்று 27 கிலோ, இன்னொன்று 18 கிலோ. கூட்டினால் 45, அனுமதித்த 46-க்குள் வந்துவிடுகிறது. துபாயில் வேலை பார்க்கும் என் மைத்துனரும் மொத்த எடைதான் கணக்கு என்கிறார். இதில் ஏதாவது பணம் கட்ட வேண்டிவருமா? மதுரையிலிருந்து சென்னைக்கு உள்நாட்டு விமானத்தில் தனி டிக்கெட் எடுத்திருக்கிறோம்.

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே சரி. சிகாகோவுக்குச் சரியில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் பணம் போகக்கூடிய பெரிய ஓட்டை, நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன மதுரை–சென்னை டிக்கெட்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

விமான நிறுவனங்கள் சரக்கறைக்குப் போகும் பெட்டிகளை இரண்டு விதமாகக் கணக்கிடுகின்றன. ஒன்று எடைக் கணக்கு. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா பக்கம் போகிறவர்களுக்குப் பழகியது இதுதான். டிக்கெட்டில் '30 கே.ஜி.' என்று இருந்தால் அந்த 30 கிலோவை ஒரு பெட்டியிலும் கொண்டுபோகலாம், இரண்டாகவும் பிரிக்கலாம். (மலிவுக் கட்டண விமானங்கள் சில, எடைக் கணக்கிலும் இத்தனை பெட்டிக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கின்றன.) ஒரே முன்பதிவில் போகும் குடும்பத்துக்கு எல்லாருடைய எடையையும் சேர்த்துப் பார்ப்பதும் இந்த முறையில் வழக்கம். மைத்துனர் இத்தனை வருடமாக வந்துபோவது இப்படித்தான்.

இன்னொன்று பெட்டிக் கணக்கு. அமெரிக்கா, கனடா போகும் விமானங்கள் பெரும்பாலும் இந்த முறைதான். '2 பி.சி.' என்றால் இரண்டு பெட்டி. எக்கானமி வகுப்பில் ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இங்கே 46 என்ற எண்ணே கிடையாது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகத் தராசில் ஏற்றி, தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்வார்கள். 18 கிலோ பெட்டியில் மிச்சமிருக்கும் 5 கிலோவைக் காட்டி 27 கிலோ பெட்டியைக் காப்பாற்ற முடியாது. அப்பாவும் மகளும் ஒரே டிக்கெட்டில் போனாலும் அப்பாவின் பெட்டி லேசாக இருப்பது மகளின் பெட்டிக்கு உதவாது.

ஆக, உங்களுக்கு வேண்டியது ஒரு மாலை நேர வேலைதான். 27-லிருந்து ஐந்து கிலோவை எடுத்து 18-ல் வையுங்கள். 22-ம் 23-ம் ஆகிவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. முடிந்தால் இன்னும் ஒரு கிலோ குறைத்து இரண்டையும் 22-ல் நிறுத்துங்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் ஆள் நின்று பார்க்கும் தராசில் பெட்டியோடு ஒருமுறையும் பெட்டியில்லாமல் ஒருமுறையும் ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியே 27 கிலோவாகக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக் கணக்கில் அபராதம் கிலோவுக்கு இவ்வளவு என்று இருப்பதில்லை. 23-ஐத் தாண்டி 32 வரை எவ்வளவு இருந்தாலும் ஒரே தொகைதான் பெரும்பாலும். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அது 100 டாலர். 24 கிலோவுக்கும் அதுதான், 31 கிலோவுக்கும் அதுதான். ஒரு கிலோவுக்காக அந்தத் தொகையைக் கட்டுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. கட்டியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் பெட்டியை 32-க்கு அருகில் நிரப்பிவிட்டுக் கட்டுங்கள்.

32 கிலோ என்பது வேறு விஷயம். அது கட்டண வரம்பில்லை, சுவர். பெட்டிகளைக் கையால் தூக்கி ஏற்றி இறக்கும் தொழிலாளர்களின் முதுகைக் காக்க ஏற்பட்டது. எடைக் கணக்கில் 40 கிலோ அனுமதி வாங்கியிருந்தாலும் ஒரே பெட்டியில் 40 கிலோ போட முடியாது. பணம் தருகிறேன் என்றாலும் ஏற்க மாட்டார்கள். பிரித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று வரிசையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். கவுண்ட்டர் முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் இந்தக் கூட்டம்தான்.

எடையைப் போலவே அளவுக்கும் வரம்பு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சக்கரமும் கைப்பிடியும் இதில் சேர்த்தி. 28 அங்குலம் என்று விற்கும் பெட்டிகள் பொதுவாக இதற்குள் அடங்கும். 30, 32 அங்குலப் பெட்டிகளைக் கடையிலேயே டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பெட்டியின் சொந்த எடையையும் பாருங்கள். கெட்டி ஓடு போட்ட பெரிய பெட்டி காலியாகவே நாலு, ஐந்து கிலோ இருக்கும். இரண்டு பெட்டிக்கு ஒன்பது கிலோ அதிலேயே போய்விட்டால், அடுக்குவதற்கு 37 கிலோதான் மிச்சம்.

கட்டணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாவது பெட்டி ஒன்று கொண்டுபோனால் கூடுதல் பெட்டிக் கட்டணம். அது 23 கிலோவைத் தாண்டினால் எடைக் கட்டணம் தனி. 158-ஐத் தாண்டினால் அளவுக் கட்டணமும் தனி. ஒரே பெட்டிக்கு மூன்றும் விழலாம். மகளுக்கு உண்மையிலேயே கூடுதல் இடம் தேவைப்பட்டால், மூன்றாவது பெட்டிக்கான அனுமதியை நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ முன்கூட்டியே வாங்குங்கள். கவுண்ட்டரில் கேட்பதைவிட அது பொதுவாக மலிவு. அதற்கும் முன்னால் மாணவர் சலுகை உண்டா என்று பாருங்கள். வளைகுடா நிறுவனங்களும் இந்திய நிறுவனங்களும் சில, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் அல்லது மாணவர் அட்டை காட்டினால் ஒரு பெட்டியோ பத்து கிலோவோ கூடுதலாகத் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் மாணவர் திட்டத்தில் சேர்ந்து அதன் வழியாக டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். எடுத்த பிறகு கேட்டால் கிடைப்பது சந்தேகம். என் அபிப்பிராயம், முதல் பயணத்துக்கு மூன்றாவது பெட்டி வேண்டாம். சிகாகோவில் போர்வையும் பாத்திரமும் கிடைக்கும்.

இப்போது மதுரை. தனி டிக்கெட் என்றால் தனி ஒப்பந்தம். உள்நாட்டு விமானங்களில் எக்கானமி வகுப்புக்குப் பொதுவாக 15 கிலோதான். சிகாகோ டிக்கெட்டில் இரண்டு பெட்டி இருப்பது மதுரை கவுண்ட்டரில் இருப்பவரைக் கட்டுப்படுத்தாது. உங்கள் 45 கிலோவில் 15 போக 30 கிலோ கூடுதல். உள்நாட்டில் கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள். கணக்குப் போட்டால் பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. டிக்கெட்டே அவ்வளவு இருக்காது. வெளிநாட்டு டிக்கெட்டைக் காட்டினால் சலுகை தரும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் நிறுவனம் தருமா என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ சரி என்றார் என்பது கவுண்ட்டரில் செல்லாது.

எல்லா விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அமெரிக்காவில் தொடங்கும் அல்லது முடியும் பயணங்களுக்கு, பயணத்தின் தொடக்கத்தில் எந்தப் பேகேஜ் விதி பொருந்துகிறதோ அதே விதி அந்த டிக்கெட்டின் கடைசி வரை பொருந்த வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி; 2012-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. நடுவில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறினாலும் இரண்டு பெட்டி இரண்டு பெட்டிதான். அனுமதியும் கட்டணமும் மின் டிக்கெட்டிலேயே தெரிய வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னதை விட்டுவிட்டு அந்தத் தாளைப் பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மதுரை–சென்னை விமானத்தை ரத்துசெய்துவிட்டு ரயிலில் போவேன். ரயிலில் ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏ.சி.க்கும் ஆளுக்கு 40 கிலோ இலவசம், இரண்டடுக்கு ஏ.சி.க்கு 50. வழியனுப்ப நீங்களும் கூடப் போவீர்கள்தானே, இரண்டு பேருக்கு 80 கிலோ ஆயிற்று. இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் எழும்பூர். விமானம் தாமதமாகி சர்வதேச விமானத்தைக் கோட்டைவிடும் பயமும் இல்லை. தனித்தனி டிக்கெட் என்றால் அந்த நஷ்டமும் உங்கள் தலையில்தான் விழும். ரயிலும் தாமதமாகலாம் என்பதால் முதல் நாளே போய்விடுங்கள்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மிக்ஸி இருந்தால் எடுத்துவிடுங்கள். நம் வீட்டு மிக்ஸி 230 வோல்ட்டுக்கானது, அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். மூன்று, நான்கு கிலோ சுமந்துபோய் ஓடாத மிக்ஸியை மேசையில் வைத்திருப்பாள். பிரஷர் குக்கர் தாராளமாகப் போகலாம். அரிசி வேண்டாம், தானிய வண்டுக்குப் பயந்து இந்திய அரிசியைப் பயணிகள் கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. கறிவேப்பிலையும் கூடாது, அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, எலுமிச்சைத் தோட்டங்களைத் தாக்கும் பூச்சியை அவர்கள் அஞ்சுகிறார்கள். பொடி வகைகளைக் கொண்டுபோகலாம், ஆனால் அங்கே இறங்கியதும் சுங்கத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப்பசையால் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால், இந்திய விமான நிலையங்களில் 2022 முதல் பெட்டியில் போடத் தடை. பவர் பேங்க்கைப் பெட்டியில் போடவே கூடாது. கைப்பையில்தான் போக வேண்டும், அதுவும் 100 வாட்-மணி வரை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டு விற்கும் சாதாரண பவர் பேங்க் அதற்குள் அடங்கும். பெட்டியில் போட்டால் ஸ்கேனில் பிடித்து, பெட்டியை நிறுத்திவைத்துவிடுவார்கள்.

கைப்பைக்கு வளைகுடா நிறுவனங்களும் நம் நிறுவனங்களும் எக்கானமியில் பொதுவாக 7 கிலோதான் தருகின்றன. லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு புத்தகமும் வைத்தாலே பாதி போய்விடும். ஆனாலும் அசல் சான்றிதழ்கள், ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்), நகை, மருந்து, ஒரு மாற்றுத் துணி இவை பெட்டிக்குள் போகக் கூடாது. கனமான ஜாக்கெட்டைப் பையில் அடைக்காமல் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஆகஸ்ட் சென்னையில் ஆள் வெந்துவிடுவாள்தான், வேண்டுமானால் கையில் மடித்துப் போட்டுக்கொள்ளட்டும்.

பெட்டி வந்துசேராவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். 1999-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ தாமதமானாலோ நிறுவனம் தரவேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. சுமார் இரண்டாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஆள் கணக்கு, கிலோ கணக்கு அல்ல. இரண்டு பெட்டியும் தொலைந்தாலும் வரம்பு அதேதான். போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் பேகேஜ் சீட்டுகளை மகள் தொலைக்காமல் வைத்திருக்கட்டும். பூட்டுவதற்கு முன் திறந்த பெட்டியை நாலு படம் எடுத்துக்கொள்ளட்டும். பெட்டி பெல்ட்டில் வரவில்லை என்றால் அரங்கை விட்டு வெளியே வரும் முன்பே அங்குள்ள கவுண்ட்டரில் 'பி.ஐ.ஆர்.' என்ற புகார்ப் படிவம் பதிந்து எண் வாங்க வேண்டும். உடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால் வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். 21 நாள் கடந்தும் வரவேயில்லை என்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம்.