4கே திரையில் போட்டோஷாப் சிஎஸ்6 எழுத்துகள் பொடியாகத் தெரிவது பற்றி

வணக்கம். 15.6 அங்குல 4கே மடிக்கணினியில் போட்டோஷாப் சிஎஸ்6-இன் மெனு எழுத்துகளைப் படிக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 282 பிக்சல்கள் உள்ளன. அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள பழைய திரைகளை மனத்தில் வைத்து வரையப்பட்ட 12 பிக்சல் எழுத்து, 3 மில்லிமீட்டருக்குப் பதிலாக ஒரே மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

திரையின் ரெசல்யூஷனைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். மற்ற எல்லாமே மங்கிவிடும். போட்டோஷாப்பை மூடிவிட்டு, அதன் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குச் சென்று, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்பதை அழுத்துங்கள். அங்கே கடைசியில் உள்ள 'ஓவர்ரைடு' கட்டத்தை டிக் செய்து, கீழ்ப்பட்டியலில் 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மென்பொருளை மீண்டும் திறந்தால், மெனுவும் கருவிப்பட்டையும் விண்டோஸின் ஸ்கேலிங் (திரையில் உள்ளவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) அளவுக்குப் பெரிதாகிவிடும்.

ஒன்றை மட்டும் அவசியம் கவனியுங்கள். இம்முறையில் நீங்கள் திருத்தும் படமும் சேர்த்தே பெரிதாக்கப்படுவதால், 100 சதவீதத்தில் பார்த்தாலும் அதன் உண்மையான கூர்மை தெரியாது. ஆகவே, அச்சுக்கு அனுப்பும் முன் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை சரிபார்ப்பதே பாதுகாப்பானது.