பழைய ஃப்ரீசர் நின்னு போச்சு, அடுத்தது எதை நம்பி வாங்குறது?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வீட்டுல 11 வருஷம் ஓடின ஃப்ரீசர் நின்னுடுச்சாம். மெக்கானிக் வந்து பாத்துட்டு கம்ப்ரசர் போயிடுச்சு, இனிமே இதுக்கு செலவு பண்ணாதீங்க, தெரிஞ்ச இடத்துல நானே புதுசு எடுத்துத் தரேன்னு சொல்றாராம். கடைக்குப் போனா அங்க 10 வருஷ வாரண்டின்னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டின, முன்பக்கம் கதவு வச்ச, ஐஸைத் தானே உருக்கிக்கற ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுறாங்களாம். கரண்ட் அடிக்கடி போற வீடு. இன்னொரு 10 வருஷம் தொந்தரவு இல்லாம ஓடணும், எதை வாங்கலாம்?

நேராவே சொல்லிடறேன் மேடம். மேல மூடி திறக்கற செஸ்ட் ஃப்ரீசர், ஐஸை நாமளே உருக்கி விடற சாதா டைப், உங்க வீட்டுச் சூட்டைத் தாங்கற கிளைமேட் கிளாஸ், கூப்பிட்டா ஆள் வர்ற கம்பெனி. இந்த நாலும் சேர்ந்து வந்தா வாங்குங்க. பிராண்ட் பேரு நான் சொல்லப் போறதில்ல, ஒரே கம்பெனியில ஒரு மாடல் பல வருஷம் சத்தமில்லாம ஓடும், இன்னொரு மாடல் ரெண்டாவது வருஷமே படுத்தி எடுக்கும், பேரை மட்டும் பாத்து வாங்கினவங்கதான் அதிகமா மாட்டிக்கிறாங்க.

சாதா டைப் ஏன்னா, அதுக்குள்ள கெட்டுப் போறதுக்கு அதிகம் எதுவும் கிடையாது. கம்ப்ரசர், அதைக் கிளப்பி விடற ரிலே, அது சூடேறினா கரண்டை நிறுத்தற ஓவர்லோடு, குளிரைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட், சுத்தி ஓடற குழாய், மூடி ரப்பர், அவ்வளவுதான். ஃப்ராஸ்ட் ஃப்ரீல இதுக்கு மேல ஒரு ஃபேன் மோட்டார், ஐஸை உருக்க ஒரு ஹீட்டர், சென்சார், இதையெல்லாம் ஆட்டி வைக்க ஒரு போர்டு. ஹீட்டர் போச்சுன்னா உள்ள காயில் முழுக்க ஐஸ் கட்டி காத்து வர்ற வழியே அடைஞ்சுடும், ஃபேன் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், வச்ச பொருள் இளக ஆரம்பிச்சுடும். அதோட அந்த ஹீட்டர் அப்பப்ப சூடாகி அடங்கறதால உள்ள குளிர் கொஞ்சம் ஏறி இறங்கும், மாசக்கணக்குல வைக்கற பொருள் மேல்பக்கம் காஞ்சு வெளுத்துப் போறது இதுலதான் சீக்கிரம் நடக்கும். செஸ்ட்ல குளிர்ந்த காத்து கனமா கீழயே தங்கிடும், மூடியைத் திறந்தாலும் பெருசா வெளிய போகாது. முன்கதவு மாடல்ல திறந்த உடனே காலடியில கொட்டிடும்.

இப்ப அந்த 10 வருஷ ஸ்டிக்கருக்கு வரேன். எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயம் இதுதான். அந்த 10 வருஷம் ஃப்ரீசருக்கு இல்ல, உள்ள இருக்கற கம்ப்ரசர்ங்கற ஒரே ஒரு பொருளுக்கு. மீதி எல்லாத்துக்கும் பெரும்பாலும் 1 வருஷம்தான். கம்ப்ரசரே போனாலும் பெரும்பாலும் அதை மட்டும் சும்மா குடுப்பாங்க, கேஸ் நிரப்பறது, குழாய்ல ஈரத்தை உறிஞ்சற ட்ரையர், கூலி, வந்து போற சார்ஜ், வண்டி வாடகை எல்லாம் நம்ம தலையில. அதையெல்லாம் கூட்டிப் பாத்தா சில சமயம் வாரண்டி இருந்தும் ஒரு புது ஃப்ரீசர் விலையில நல்ல பங்கு போயிடும். இதைவிடப் பெரிய ஓட்டை, வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடற இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மாடல்ல இருக்கு. அதுல கம்ப்ரசரை ஓட்டறதே ஒரு எலக்ட்ரானிக் போர்டு. கரண்ட் ஏறி இறங்கினா மொதல்ல அடி வாங்கறது அந்த போர்டுதான், கம்ப்ரசர் அப்படியே நல்லா உக்காந்திருக்கும். சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணா, கம்ப்ரசர் ஓகே மேடம், போர்டுதான் போயிடுச்சு, அது வாரண்டியில வராதும்பாங்க. எளிதுல போகாத பொருளுக்கு 10 வருஷம், எளிதுல போற பொருளுக்கு 1 வருஷம், இதை ஸ்டிக்கர்ல பெருசா போட்டு விக்கறாங்க, யாரும் கேக்கறதும் இல்ல தடுக்கறதும் இல்ல.

அதனால கடையில கேக்க வேண்டிய கேள்வி எத்தனை வருஷ வாரண்டிங்கறது இல்ல. போர்டுக்கு எத்தனை வருஷம், கேஸ் லீக்குக்கு எத்தனை வருஷம், கூலி சேர்த்தா சேர்க்காமலா, ஸ்பேர் பார்ட் எத்தனை வருஷம் வரை கிடைக்கும். பதிலை வாயால வாங்காதீங்க, வாரண்டி கார்டைப் பிரிச்சு அந்த வரியைக் காட்டச் சொல்லுங்க. ஐரோப்பிய யூனியன்ல 2021 மார்ச்லேருந்து நடைமுறையில இருக்கற விதிப்படி ஃப்ரிட்ஜ், ஃப்ரீசருக்கு தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு மாதிரி பாகங்கள் கடைசி பீஸ் விற்பனைக்கு வந்த அப்புறமும் குறைஞ்சது 7 வருஷம், கதவு ரப்பர் 10 வருஷம் கிடைக்கணும். அங்க சட்டம் போட்டா முடியுது, மத்த இடத்துல கேட்டா அந்த மாடல் நிறுத்திட்டோம்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு பில் போடற இடத்துலயே தலையில கட்டுவாங்க பாருங்க, அது பல நேரம் ஃப்ரீசர் கம்பெனியோடதே கிடையாது, வேற யாரோ விக்கற பேப்பர். கேஸ் லீக், ரப்பர், துரு, கரண்ட் ஏற்ற இறக்கம் இதெல்லாம் அதுல சேராதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிக்கலாம்.

மெக்கானிக் விஷயம். அவர் சொல்றது உண்மையாவும் இருக்கலாம், 11 வருஷம் ஓடினது போறது அதிசயம் இல்ல. ஆனா கம்ப்ரசர் போச்சுன்னு சொல்றவரே புதுசும் எடுத்துத் தரேன்னா அங்க ஒரு கமிஷன் இருக்குன்னு மனசுல வச்சுக்கங்க. அவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, ரிலேயும் ஓவர்லோடும் மாத்திப் பாத்தீங்களா? சில நிமிஷத்துக்கு ஒரு தடவை டிக்குனு சத்தம் வந்து நின்னுடுதுன்னா கம்ப்ரசர் இறுகிப் போயிருக்கலாம், வெறும் ரிலேயாவும் இருக்கலாம். ரிலே ரொம்ப சின்னப் பொருள், மாத்த கொஞ்ச நேரம் போதும். கம்ப்ரசர் ஓடுது ஆனா குளிரலைன்னா பெரும்பாலும் கேஸ் இறங்கியிருக்கும் இல்ல உள்ள எங்கயாவது அடைச்சிருக்கும். செஸ்ட் ஃப்ரீசர்ல குளிர் தர்ற குழாய் சுவருக்குள்ள ஃபோமோட ஒட்டிப் புதைஞ்சிருக்கும், அங்க லீக்னா யாராலயும் சரியா அடைக்க முடியாது. லீக் எங்கன்னு கண்டுபிடிக்காம கேஸ் மட்டும் நிரப்பறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, கொஞ்ச நாள்ல அதே பிரச்சனையோட அவரையே திரும்பக் கூப்பிடுவீங்க.

இன்னொண்ணு, இது உயிர் சம்பந்தப்பட்டது. இப்ப வர்ற வீட்டு ஃப்ரீசர்ல பெரும்பாலும் ஆர் 600ஏ கேஸ்தான், அது தீப்பிடிக்கற கேஸ். உள்ள இருக்கற அளவு ரொம்பக் கம்மி, 150 கிராமைத் தாண்டக் கூடாதுங்கறதுதான் வழக்கமான வரம்பு, சும்மா ஓடிட்டு இருக்கும்போது பயம் இல்ல. ஆனா அந்த மெஷின்ல வந்து நெருப்பு வச்சுக் குழாயை ஒட்ட வைக்கறதும், பழைய ஆர் 134ஏ சிலிண்டரைக் கொண்டு வந்து அதுக்குள்ள ஏத்தறதும் நடக்குது. ரெண்டுமே தப்பு. பின்பக்க லேபிள்ல என்ன கேஸ்னு எழுதியிருக்கும், வர்ற ஆள் அதைப் படிக்காம சிலிண்டரை எடுத்தார்னா வேலையே வேண்டாம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ யாருமே வாங்கக் கூடாதான்னா, அப்படி இல்ல. ரெண்டு பேர் வாங்கலாம். முதல்ல, குனிய முடியாதவங்க. செஸ்ட் ஃப்ரீசர்ல அடியில கிடக்கற பொருளை எடுக்க இடுப்பு வரைக்கும் உள்ள வளையணும், இடுப்பு வலி, மூட்டு வலி இருக்கற வீட்டுல அது தினப்படி வேதனை, கூடை போட்டு வச்சாலும் அடிப்பகுதி அடிப்பகுதிதான். அவங்க முன்கதவு மாடலுக்குப் போகலாம். அதுலயும் நாமளே உருக்கற டைப் இருக்கு, ஆனா அந்த டைப்புல தட்டுகளே குளிர் குழாய்தான், தட்டோட தட்டா குழாய் ஓடும், ஐஸ் அது மேலதான் கட்டும். இங்கதான் ரெண்டாவது ஆள் வர்றாங்க, ஐஸைக் கத்தியால குத்தி எடுக்கற பழக்கம் இருக்கற வீடு. நான் குத்த மாட்டேன்னு நீங்க சொல்லலாம், நீங்க இல்லாதப்ப உதவிக்கு வர்றவங்களோ பிள்ளைங்களோ அவசரத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு நெம்பினா போதும், அலுமினியக் குழாய்ல ஓட்டை விழும், கேஸ் உஸ்ஸுனு போகும், அதோட மெஷின் முடிஞ்சது, வாரண்டியும் குடுக்க மாட்டாங்க. 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஐஸ் ஏறினா ஆஃப் பண்ணி மூடியைத் திறந்து வச்சு தானா உருக விடணும், வேணும்னா உள்ள ஒரு பாத்திரத்துல வெந்நீர் வைக்கலாம். இந்தப் பொறுமை வீட்டுல யாருக்கும் இல்லைன்னு தெரிஞ்சா ஃப்ராஸ்ட் ஃப்ரீயே வாங்கிடுங்க, ஹீட்டர் போனா மாத்திக்கலாம், ஓட்டை விழுந்த குழாயை மாத்த முடியாது. ஆனா ஒண்ணு, இந்த ரெண்டு காரணமும் இல்லாம, பாக்க அழகா இருக்கு, கடைக்காரர் சொன்னார்னு வாங்காதீங்க.

கரண்ட் போறதுக்கு லேபிள்லயோ கையேட்டுலயோ ஒரு நம்பர் பாருங்க. கரண்ட் இல்லாம உள்ள மைனஸ் 18 டிகிரியிலேருந்து மைனஸ் 9க்கு வர எத்தனை மணி நேரம் ஆகும்னு போட்டிருக்கும். அந்த நம்பர் பெருசா இருந்தா சுவர்ல ஃபோம் தடிமனா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு மாடலுக்கு நடுவுல குழம்பினா இந்த ஒரு நம்பரை வச்சே முடிவு பண்ணலாம், ஆனா இதைச் சொல்லி விக்கற ஒரு சேல்ஸ்மேனை நான் இன்னும் பாக்கல. நிறைஞ்ச ஃப்ரீசர் மூடியைத் திறக்காம வச்சா சுமார் 48 மணி நேரம் வரை தாங்கும், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம். காலி இடத்துல பாட்டில்ல முக்கால் தண்ணி ஊத்திப் போட்டு வைங்க. ஸ்டெபிலைசர் வாங்கும்போது கரண்ட் வந்ததும் உடனே விடாம 3 நிமிஷமாவது தாமதிச்சு விடற டைப்பா வாங்குங்க, நின்ன கம்ப்ரசரை உடனே கிளப்பறதுதான் ரிலேயையும் கம்ப்ரசர் மோட்டார்ல சுத்தியிருக்கற கம்பியையும் (வைண்டிங்) சாகடிக்குது.

கிளைமேட் கிளாஸ்னு நாலு இருக்கு. SN-ன்னா 10லேருந்து 32 டிகிரி, N-ன்னா 16லேருந்து 32, ST-ன்னா 16லேருந்து 38, T-ன்னா 16லேருந்து 43 டிகிரி வரை அறைச்சூடு இருக்கற இடத்துக்கு. சூடான இடத்துல N கிளாஸ் மெஷினை வச்சா கம்ப்ரசர் ஓய்வே இல்லாம ஓடி சீக்கிரம் போயிடும். இது பின்னாடி சின்ன எழுத்துல லேபிள்ல இருக்கும், முன்னாடி பெரிய எழுத்துல போட வேண்டியது இதைத்தான்.

நட்சத்திரத்துலயும் ஏமாந்துடாதீங்க. கரண்ட் மிச்சத்துக்கு ஒரு நட்சத்திரம், குளிருக்கு ஒரு நட்சத்திரம், ரெண்டும் வேற வேற. குளிர் நட்சத்திரம் 3 இருந்தா மைனஸ் 18ல வச்சிருக்க மட்டும், 4 இருந்தா புதுசா வைக்கற பொருளை உறைய வைக்கவும் ஆகும். 24 மணி நேரத்துல எத்தனை கிலோ உறைய வைக்கும்னும் போட்டிருக்கும். கண்ணாடி மூடி வச்சது கடைக்கு, வீட்டுக்கு வேண்டாம், குளிர் கண்ணாடி வழியாவே போயிட்டு இருக்கும். லிட்டர் கணக்குல மொத்த அளவைச் சொல்வாங்க, நீங்க உபயோகிக்கக் கூடிய அளவு எவ்வளவுன்னு தனியா கேளுங்க.

கடையிலயே மூடிக்கு நடுவுல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுத்துப் பாருங்க, நாலு பக்கமும் பிடிப்பு இருக்கணும். டெலிவரி ஆனதும் பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பரும் மெஷின் லேபிள்ல இருக்கறதும் ஒண்ணா, தயாரிச்ச தேதி என்னன்னு பாத்து போட்டோ எடுத்துக்கங்க, பெயின்ட் அடிச்ச பழசைப் புதுசுன்னு இறக்கறவங்க இருக்காங்க, ஆள் மூலமா வாங்கும்போது இது இன்னும் முக்கியம். நிமிர்த்தியே கொண்டு வந்தா 4 மணி நேரம், படுக்க வச்சு வந்திருந்தா 1 நாள் விட்டு ஆன் பண்ணுங்க, கம்ப்ரசர் ஆயில் திரும்ப இறங்கணும். ஆன் பண்ணதும் பக்கச் சுவர் சூடாகும், அது ரிப்பேர் இல்ல, சூடு அந்த வழியாத்தான் வெளிய போகுது, அதனால கையேட்டுல சொன்ன இடைவெளி சுத்தியும் விடுங்க, மேல துணி போட்டு மூடாதீங்க. உள்ள ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சு மைனஸ் 18 வந்த அப்புறம் பொருளை வைங்க.

பழைய ஃப்ரீசரை எக்ஸ்சேஞ்சுல குடுத்தாலும் சரி, வெளிய போடறதா இருந்தாலும் சரி, வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டிடுங்க, இல்லைன்னா பூட்டையாவது எடுத்துடுங்க. விளையாட்டுக்கு உள்ள இறங்கின குழந்தை மூடி மூடிக்கிட்டா தானா வெளிய வர முடியாது.